ஒரு மீட்டர் ஃபோம் விமானம்: கையிலிருந்து விட்டதும் மூக்கைத் தூக்கி இடப்புறம் கவிழ்கிறது

#1 — தும்பி

அனைவருக்கும் வணக்கம். நானே வரைந்து, வெட்டி, ஒட்டி முடித்த முதல் ரேடியோ கட்டுப்பாட்டு விமானம், மூன்று முறை கையிலிருந்து விடப்பட்டு, மூன்று முறையும் நான்கைந்து நொடிகளுக்குள் தரையில் மோதிவிட்டது. ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான்: கையை விட்டு அகன்றவுடன் மூக்கு மேலே எழுகிறது, வேகம் குறைகிறது, இடது இறக்கை சட்டென்று தாழ்கிறது, அதன்பின் நான் எதைச் செய்தாலும் பயன் இருப்பதில்லை.

அளவுகளைச் சொல்லிவிடுகிறேன். இறக்கை முனைக்கு முனை 1000 மி.மீ., அகலம் எங்கும் ஒரே சீராக 180 மி.மீ. காகிதம் ஒட்டிய 5 மி.மீ. ஃபோம் போர்டை முன்விளிம்பில் மடித்து, உள்ளே 6 மி.மீ. கார்பன் குழாய் வைத்து ஒட்டியிருக்கிறேன். கிடைமட்ட வால் 300 மி.மீ. நீளமும் 90 மி.மீ. அகலமும் கொண்டது. இறக்கையிலிருந்து வால்வரை உள்ள தொலைவு ஏறத்தாழ 450 மி.மீ. மோட்டார் 2212 வகை, 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று). ப்ரொப்பெல்லர் 9 அங்குல விட்டமும் 4.7 அங்குலப் பிட்சும் (ஒரு சுற்றில் முன்னேறும் தொலைவு) உடையது. பேட்டரி 3 செல், 1300 மில்லிஆம்பியர்-மணி. தராசின்மேல் நிறுத்தி அளந்தபோது இழுவிசை 700 கிராம் அளவுக்கு இருந்தது, ஆகவே ஆற்றலில் குறை இருப்பதாகத் தோன்றவில்லை.

என் ஐயங்கள் இரண்டு. மோட்டாரை வலப்புறம் சாய்த்துப் பொருத்த வேண்டுமா? அல்லது இறக்கையின் வெட்டுமுகம் தவறா? நான் மடித்தது அடிப்பக்கம் தட்டையாகவும், மேற்பக்கம் வளைந்தும், பருமன் அகலத்தில் 12 சதவீதமாகவும் உள்ளது.

#2 — வடகாற்று

வெட்டுமுகத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1922-இல் வெர்ஜினியஸ் கிளார்க் வரைந்த கிளார்க்-ஒய் வெட்டுமுகமும் ஏறத்தாழ நீங்கள் சொல்லும் வடிவம்தான். அதன் அடிப்பக்கம் முன்விளிம்பிலிருந்து 30 சதவீதத்துக்குப் பின் தட்டையாகிவிடும், பருமன் 11.7 சதவீதம். உங்கள் விமானம் நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் பறக்கையில் ரெனால்ட்ஸ் எண் (இறக்கைமேல் காற்றோட்டத்தின் தன்மையைக் காட்டும் எண்) 1,20,000 அளவில்தான் இருக்கும். அந்த அளவில், மடித்த ஃபோம் இறக்கைக்கும் நுட்பமாகச் செதுக்கிய இறக்கைக்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒருபோதும் மூன்று விபத்துகளுக்குக் காரணமாகாது.

இடப்புறம் கவிழ்வதற்குக் காரணம் மோட்டார் என்பதே என் கருத்து. பின்னாலிருந்து பார்க்கும்போது ப்ரொப்பெல்லர் வலஞ்சுழியாகச் சுழன்றால், அதன் எதிர்விசை உடலை இடப்பக்கம் உருட்ட முயலும். மூக்கு மேலே எழுந்த நிலையில், கீழிறங்கும் வலப்பக்க அலகு மேலேறும் இடப்பக்க அலகைவிட அதிகமாக இழுப்பதால், மூக்கும் இடப்பக்கமே திரும்பும். முழு த்ராட்டிலும் (மோட்டாரின் முழு ஆற்றல்) குறைந்த வேகமும் சேரும் கைவீச்சின்போது இவை இரண்டும் உச்சத்தில் இருக்கும். மோட்டாரை வலப்புறம் 2 பாகையும் கீழ்நோக்கி 2 முதல் 3 பாகையும் சாய்த்துப் பாருங்கள்.

#3 — தராசுமுள்

வடகாற்று சொல்வது உண்மைதான், ஆனால் அது இரண்டாவதாக நடந்ததற்கான விளக்கம். முதலில் நடந்தது மூக்கு எழுந்தது. தும்பி, உங்கள் பதிவில் எல்லா அளவுகளும் இருக்கின்றன, இரண்டு எண்களைத் தவிர: பேட்டரியோடு சேர்த்து விமானத்தின் மொத்த எடை எவ்வளவு? ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது?

சர்வோக்கள் (கட்டுப்பாட்டு மடல்களை அசைக்கும் சிறு மோட்டார்கள்) எங்கே இருக்கின்றன என்பதையும் சொல்லுங்கள்.

#4 — தும்பி

வரைபடத்தில் 480 கிராம் என்று எண்ணியிருந்தேன். முடிந்தபின் நிறுத்தபோது 640 கிராம். இறக்கையின் அடியில் இரண்டு விரல் நுனிகளால் தாங்கியபோது, 72 மி.மீ. இடத்தில்தான் விமானம் சமநிலையில் நின்றது. பேட்டரி ஏற்கெனவே மோட்டார் பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, இதற்குமேல் முன்னே தள்ள இடமில்லை. எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்), ரட்டர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் மடல்) சர்வோக்கள் இரண்டையும் வாலுக்கு அருகிலேயே பதித்திருக்கிறேன். சர்வோவை மடலோடு இணைக்கும் புஷ்ராட் கம்பி குட்டையாக இருந்தால் ஆட்டம் இருக்காது என்பதால் அப்படிச் செய்தேன். ஐலெரான் (விமானத்தை இடவலமாக உருட்டும் இறக்கை மடல்) சர்வோக்கள் இறக்கையில் உள்ளன.

#5 — தராசுமுள்

நன்றி. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

72 மி.மீ. என்பது 180 மி.மீ. அகலத்தில் 40 சதவீதம். நேர்விளிம்பு இறக்கை உடைய, வழக்கமான வால் கொண்ட ஒரு பயிற்சி விமானத்துக்கு 25 முதல் 33 சதவீதம்வரை வைப்பது வழக்கம். அந்த எல்லை எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால், உங்கள் விமானத்துக்கு அது எவ்வளவு இறுக்கமானது என்பதும் விளங்கும்.

வாலின் பரப்பை வாலின் தொலைவால் பெருக்கி, அதை இறக்கைப் பரப்பும் இறக்கை அகலமும் சேர்ந்த பெருக்குத்தொகையால் வகுத்தால் கிடைப்பது வால் கன அளவு எண். உங்கள் வால் 2.7 சதுர டெசிமீட்டர், இறக்கை 18 சதுர டெசிமீட்டர், 2.7 × 450 என்பதை 18 × 180-ஆல் வகுத்தால் 0.375 வருகிறது. நிதானமாகப் பறக்க வேண்டிய விமானத்துக்கு 0.5 முதல் 0.6 வரை இருப்பதையே நான் விரும்புவேன். விமானத்தின் நடுநிலைப் புள்ளி, அதாவது அதற்குப் பின்னால் ஈர்ப்பு மையம் போனால் விமானம் தன்னைத் தானே நேராக்கிக்கொள்ளாத இடம், தோராயமாக 25 சதவீதத்துடன் இந்த எண்ணில் பாதியைக் கூட்டினால் கிடைக்கும். உங்களுக்கு அது 43 அல்லது 44 சதவீதம். நீங்கள் 40-இல் வைத்திருக்கிறீர்கள். கைக்கு எட்டும் நிலைத்தன்மை வெறும் மூன்று நான்கு சதவீதம்தான். எலிவேட்டரை ஒரு முடியளவு தொட்டாலும் மூக்கு பாய்ந்து எழும், எழுந்தது தானாக இறங்காது. அனுபவமுள்ள கைகளுக்கே அது தொல்லை.

இதை 54 மி.மீ.க்கு, அதாவது 30 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும். 640 கிராம் எடையை 18 மி.மீ. முன்னே நகர்த்துவது என்றால் 11,520 கிராம்-மில்லிமீட்டர் திருப்புத்திறன் தேவை. இதை ஈயத்தால் ஈடுகட்டினால், புதிய ஈர்ப்பு மையத்திலிருந்து 160 மி.மீ. முன்னால் உள்ள மூக்கு நுனியில் 72 கிராம் வைக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே கனமான விமானம் 712 கிராம் ஆகும். அதை நான் செய்ய மாட்டேன்.

மாறாக, வாலில் உள்ள இரண்டு 9 கிராம் சர்வோக்களை 400 மி.மீ. முன்னே, இறக்கைக்கு அடியில் கொண்டுவாருங்கள்: 18 × 400, ஆக 7,200. மோட்டார் பலகையில் திறப்பு வெட்டி, 110 கிராம் பேட்டரியை 40 மி.மீ. முன்னே தள்ளுங்கள்: 4,400. கூட்டினால் 11,600. ஒரு கிராம் ஈயம்கூடச் சேர்க்காமல் வேலை முடிந்துவிடும்.

#6 — கம்பியில்லான்

கணக்கு அழகாக இருக்கிறது, ஆனால் புஷ்ராட் கம்பியின் எடையைத் தராசுமுள் விட்டுவிட்டார். 1.2 மி.மீ. எஃகுக் கம்பி 450 மி.மீ. நீளத்துக்கு 4 கிராம் வரும். இரண்டுக்கு 8 கிராம், அதுவும் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால். வாலுக்குச் செல்லும் சர்வோ நீட்டிப்புக் கம்பிகள் நீங்கும் என்பதால் பெரும்பாலும் அது சரிக்கட்டப்படும் என்பது வேறு விஷயம்.

நீளமான கம்பி தள்ளும்போது வளையும். 100 மி.மீ.க்கு ஒரு தாங்கி வைத்து, சிறு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு வழியாகக் கம்பியைச் செலுத்தினால் ஆட்டம் இராது.

#7 — பால்சாத்தூள்

நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். தராசுமுள் நோய்க்கு மருந்து சொல்கிறார்; நோய் வரைபலகையிலேயே தொடங்கிவிட்டது. உங்கள் மோட்டார், இஎஸ்சி (மோட்டாரின் வேகக் கட்டுப்படுத்தி), பேட்டரி, ப்ரொப்பெல்லர், நான்கு சர்வோக்கள், ரிசீவர் எல்லாவற்றையும் கூட்டினால் 250 கிராமுக்கு அருகில்தான் வரும். ஆக, ஃபோமும் பசையும் 230 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 390 கிராம் இருக்கிறது. எடை கூடியதைவிட, அது எங்கே கூடியது என்பதே கேள்வி. வாலின் கை 450 மி.மீ. அளவிலும் மூக்கின் கை 160 மி.மீ. அளவிலும் இருக்கும்போது, வாலில் சேரும் ஒவ்வொரு கிராமும் மூக்கில் ஏறத்தாழ மூன்று கிராமைக் கேட்கும். ஹாட் குளூவைத் தாராளமாக ஊற்றும் பழக்கம் மூக்கில் மன்னிக்கப்படும், வாலில் மன்னிக்கப்படாது.

என் பழக்கம் இது. முதலில் வாலை வெட்டுவேன், ஒட்டுவேன், கீல் பொருத்துவேன், நிறுப்பேன். அடுத்து உடலின் பின்பாதி. இறக்கை அதற்குப் பிறகு. மூக்கின் நீளத்தைக் கடைசிவரை முடிவு செய்யவே மாட்டேன். பேட்டரியை ஒரு குச்சியின்மேல் முன்னும் பின்னும் நகர்த்தி, சமநிலை வரும் இடத்தைக் கண்டபின்தான் மூக்கை வெட்டுவேன். பால்சாவில் வேலை செய்பவர்களுக்கு இந்தக் கட்டாயம் தானாகவே வந்துவிடுகிறது. ஒரே அளவுள்ள இரண்டு பால்சாத் தகடுகளில் ஒன்று கன மீட்டருக்கு 100 கிலோ என்றால் இன்னொன்று 200 கிலோவாக இருக்கக்கூடும், ஆகவே எதை வாலுக்கு வைப்பது, எதை மூக்குக்கு வைப்பது என்று கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் வெட்டத் தொடங்குவதில்லை. ஃபோம் போர்டு எங்கும் ஒரே மாதிரி இருப்பதால் அந்தக் கவனம் போய்விட்டது. (பால்சாக்காரனின் புலம்பல் என்று இதைத் தள்ளிவிடலாம், எனக்கு வருத்தமில்லை.)

வாலுக்குக் காகிதம் இல்லாத 3 மி.மீ. ஃபோமைப் பயன்படுத்துங்கள். அளவை 360 × 105 மி.மீ. ஆக்குங்கள். பெரிதாக்கினாலும் எடை குறையும்.

#8 — வடகாற்று

வாலைப் பற்றிப் பால்சாத்தூளோடு உடன்படுகிறேன். மூக்கை வெட்டுவதைக் கடைசிவரை தள்ளிப்போடச் சொல்வதோடு உடன்படவில்லை. முதல் விமானம் கட்டுபவருக்கு ஒரு வரைபடம் வேண்டும், குச்சியின்மேல் பேட்டரியை நகர்த்திக்கொண்டிருக்கும் பொறுமை அல்ல. பகுதிகளின் எடையையும் தொலைவையும் ஒரு பட்டியலாக எழுதி, வெட்டுவதற்கு முன்பே திருப்புத்திறனைக் கூட்டிப் பார்த்தால் அதே விடை காகிதத்திலேயே கிடைத்துவிடும்.

எடையின் மற்றொரு விளைவையும் குறித்துக்கொள்ளுங்கள். 480 கிராமில் உங்கள் விமானம் சதுர டெசிமீட்டருக்கு 26.7 கிராம் சுமந்திருக்கும். ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கை தூக்குவிசையை இழந்து விழும்) நொடிக்கு 6.5 மீட்டர் அளவில் இருந்திருக்கும். 640 கிராமில் சுமை 35.6, ஸ்டால் வேகம் 7.5 மீட்டர். சுமை மூன்றில் ஒரு பங்கு கூடினால் வேகம் 15 சதவீதம்தான் கூடுகிறது, கேட்பதற்குச் சிறியதாக இருக்கும். ஆனால் கைவீச்சு தரும் வேகம் அந்த எல்லைக்குச் சற்றே மேலேதான் இருக்கிறது என்பதால், அந்த ஒரு மீட்டர் முழுவதும் உங்கள் கையிருப்பிலிருந்தே போகிறது.

#9 — தராசுமுள்

ஒரு கேள்வி விடுபட்டுவிட்டது. தும்பி, இடது இறக்கை தாழ்ந்தபோது நீங்கள் கொடுத்த கட்டளை என்ன?

#10 — தும்பி

மூன்று முறையும் வலப்புற ஐலெரான், கடைசிவரை.

#11 — தராசுமுள்

அதுவே நான் ஐயப்பட்டது. வலப்புறம் ஐலெரான் கொடுக்கும்போது இடது ஐலெரான் கீழே இறங்குகிறது. சாதாரண வேகத்தில் அது இடது இறக்கையைத் தூக்கும். ஸ்டாலின் விளிம்பில் இருக்கும்போதோ, கீழிறங்கிய ஐலெரான் அந்த இறக்கையின் தாக்குகோணத்தை (எதிர்வரும் காற்றோடு இறக்கை கொள்ளும் கோணம்) மேலும் கூட்டி, அதை முழு ஸ்டாலுக்குள் தள்ளிவிடுகிறது. தூக்க நினைத்த இறக்கை இன்னும் வேகமாக விழுகிறது. நீங்கள் செய்திருக்க வேண்டியது எலிவேட்டரைக் கீழே கொடுத்து வேகத்தை மீட்பதும், ரட்டரால் திருத்துவதும். ஆளுயரத்தில் அதற்கு நேரம் கிடையாது என்பதை ஒப்புக்கொள்கிறேன், ஆகவே இதை உங்கள் குற்றமாகச் சொல்லவில்லை.

#12 — பால்சாத்தூள்

இதற்காகத்தான் முதல் விமானத்துக்கு ஐலெரானே வேண்டாம் என்கிறேன். இரண்டு சர்வோக்களும் அவற்றின் கம்பிகளும் நீங்கும். இறக்கையின் ஒவ்வொரு பாதியையும் 5 அல்லது 6 பாகை மேல்நோக்கிச் சாய்த்துவிட்டால், ரட்டர் ஒன்றே திருப்பத்துக்குப் போதும், கையை எடுத்தால் விமானம் தானாக நேராகும். 1871-இல் அல்ஃபோன்ஸ் பெனோ என்பவர் பாரிஸில் முறுக்கிய ரப்பரால் பறக்கவிட்ட சிறு மாதிரி விமானத்தில் சர்வோவும் இல்லை, ரேடியோவும் இல்லை. மேல்நோக்கி வளைந்த இறக்கை முனைகளும் சரியான கோணத்தில் வைத்த வாலும் மட்டுமே 11 நொடிகள், ஏறத்தாழ 40 மீட்டர், அதை நிலையாகக் கொண்டுசென்றன. கம்பியும் மின்னும் இல்லாமல் அவர் பெற்றதை நாம் நான்கு சர்வோக்களோடு இழக்கிறோம்.

#13 — வடகாற்று

பெனோவின் விமானம் காற்றடிக்கும் திடலில் தரையிறங்க வேண்டியிருக்கவில்லை. பக்கக்காற்றில் டைஹெட்ரல், அதாவது இறக்கையின் மேல்நோக்கிய சாய்வு, அதிகமுள்ள விமானம் ஒவ்வொரு வீச்சுக்கும் தலையாட்டும். ஐலெரான் இல்லாமல் அதை நேர்ப்படுத்துவது புதியவருக்கு எளிதல்ல. என் பரிந்துரை: ஐலெரான் இருக்கட்டும், பாதிக்கு 3 பாகை டைஹெட்ரல் இருக்கட்டும், ஐலெரானின் வீச்சைக் குறைத்து, கீழே இறங்குவதைவிட மேலே ஏறுவது இருமடங்காக இருக்கும்படி டிரான்ஸ்மிட்டரில் அமைத்துவிடுங்கள். எலிவேட்டர் வீச்சு ஒவ்வொரு பக்கமும் 10 மி.மீ. போதும்.

#14 — கம்பியில்லான்

இந்தச் சண்டை நெடுநாளைய சண்டை, இந்த இழையில் முடியாது. அதற்கிடையில் சில வேலைகள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு எல்லா அசைவுகளையும் பின்னாலிருந்து பாருங்கள்: குச்சியை வலப்புறம் தள்ளினால் வலது ஐலெரான் மேலே வர வேண்டும், குச்சியை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே வர வேண்டும். விபத்துக்குப் பின் சர்வோக்களை மாற்றிப் பொருத்தும்போதுதான் திசை தலைகீழாகிறது. ரிசீவரின் இரண்டு ஆன்டெனாக்களும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகவும், கார்பன் குழாயிலிருந்து விலகியும் இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கார்பன் ஒரு சுவர். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்பதையும் சோதியுங்கள். இதை விமானத்தை யாராவது பிடித்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டாம்.

#15 — தும்பி

மூன்று வாரங்களுக்குப் பின் எழுதுகிறேன். ஐலெரானை நீக்கவில்லை. பழைய இறக்கையையே வைத்துக்கொண்டு, உடலையும் வாலையும் புதிதாகச் செய்தேன்.

பழைய வால் தொகுதி, சர்வோ நீங்கலாக, 38 கிராம் இருந்தது. அதில் பசை மட்டும் எவ்வளவு என்று உரித்துப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பால்சாத்தூள் சொன்ன அளவில், 3 மி.மீ. ஃபோமில் செய்த புதிய வால், பெரிதாக இருந்தும், 17 கிராம்தான். உடலில் இரட்டைத் தடுப்புகளை எடுத்துவிட்டேன். மொத்த எடை 572 கிராம், சுமை சதுர டெசிமீட்டருக்கு 31.8 கிராம்.

எதிர்பாராதது ஒன்று நடந்தது. தராசுமுள் சொன்னபடி மோட்டார் பலகையைத் துளைத்து, பேட்டரியை 40 மி.மீ. முன்னே தள்ள இடம் செய்துவைத்திருந்தேன். தேவைப்படவில்லை. வாலில் 21 கிராம் குறைந்ததால் மட்டும் 9,000 கிராம்-மில்லிமீட்டருக்கு மேல் மிச்சமாகிவிட்டது. சர்வோக்களும் முன்னே வந்துவிட்டன. பேட்டரி பழைய இடத்திலிருந்து 45 மி.மீ. பின்னால் வைத்தால்தான் ஈர்ப்பு மையம் 54-இல் நிற்கிறது. துளைத்த பலகை வீண்.

மோட்டாரை வலப்புறம் சாய்க்க, பின்னாலிருந்து பார்க்கையில் இடப்பக்கமுள்ள திருகுகளின் அடியில் வாஷர்கள் வைத்தேன். திருகுகளுக்கு இடையே 25 மி.மீ. இருப்பதால், 2 பாகைக்கு 0.9 மி.மீ. உயர்த்த வேண்டியிருந்தது, அரை மில்லிமீட்டர் வாஷர்கள் இரண்டு போதுமாயின. கீழ்நோக்கிய சாய்வை இன்னும் கொடுக்கவில்லை.

இன்று காலை, மெல்லிய எதிர்க்காற்றில், நண்பர் ஒருவர் நேராகக் கிடைமட்டமாக வீசினார். மூக்கு எழவில்லை, இறக்கை தாழவில்லை. ஆறு நிமிடங்கள் பறந்தேன். பேட்டரியில் திரும்ப ஏறியது 640 மில்லிஆம்பியர்-மணி. உயரத்தில் த்ராட்டிலை மூடி, 30 பாகைச் சரிவில் இறக்கிக் குச்சியை விட்டபோது, விமானம் மெதுவாகத் தானே மூக்கை உயர்த்தியது. ஒன்று மட்டும் உறுத்துகிறது: பாதி த்ராட்டிலில் நேராகப் பறப்பது, முழுவதும் திறந்தால் மேல்நோக்கி ஏறத் தொடங்குகிறது.

#16 — தராசுமுள்

சரிவுச் சோதனையில் மெதுவாக எழுந்தது என்றால் ஈர்ப்பு மையத்தைத் தொடாதீர்கள். திடுமென எழுந்திருந்தால் மூக்குக் கனம். எழாமல் இன்னும் குத்தாக இறங்கியிருந்தால் வால் கனம். புதிய வாலுக்கு 33 சதவீதம்வரை இடம் இருக்கிறது, ஆனால் அவசரம் எதற்கு?

#17 — வடகாற்று

முழு த்ராட்டிலில் ஏறுவது நான் முதலில் சொன்ன கீழ்நோக்கிய சாய்வு இல்லாததால். எலிவேட்டர் டிரிம்மால் (மடலின் நடுநிலையைச் சற்று நகர்த்தும் அமைப்பு) அதைத் திருத்த முயலாதீர்கள், த்ராட்டிலை மூடும்போது மூக்கு கவிழும். மேல் திருகுகள் இரண்டின் அடியிலும் இப்போது இருப்பதோடு ஒவ்வொரு அரை மில்லிமீட்டர் வாஷரைச் சேருங்கள். ஒரு பாகைக்குச் சற்று அதிகமாகக் கிடைக்கும். போதவில்லையென்றால் இன்னொன்று.

#18 — தும்பி

ஒன்று போதவில்லை, இரண்டு வைத்தேன். மாலையில் இரண்டு முறை பறந்தேன்; முழு த்ராட்டிலிலும் கிட்டத்தட்ட நேராகச் செல்கிறது. இரண்டாம் தரையிறக்கத்தில் புல்லில் சறுக்கியபோது ப்ரொப்பெல்லர் மட்டும் உடைந்தது.

வரைபடத்தில் வாலின் அளவையும் சர்வோக்களின் இடத்தையும் திருத்திவிட்டேன். பேட்டரியின் இடத்தை மட்டும் கோடிட்டுக் காட்டாமல் விட்டிருக்கிறேன், ஏனென்றால் அடுத்த பேட்டரி 96 கிராம்தான். அதை எங்கே வைப்பது என்று நாளை குச்சியில் பார்க்க வேண்டும்.

#19 — பால்சாத்தூள்

குச்சி என்றீர்களே, வடகாற்று கவனிக்கவும்.